“என்னைப் பாரு” என்று விடாமல் கேட்கும் நாய்: லயத்து வாசல்களில் கேட்ட கேள்விகளும் பதில்களும்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் ஒரு மிருக வைத்தியரிடம் எட்டு வருடம் உதவியாளராக இருந்தேன். ஊசி போடக் காத்திருக்கும் வாங்கில் உட்கார்ந்து ஆட்கள் கேட்ட கேள்விகளில் பாதி நோயைப் பற்றியதே இல்லை. “சும்மா சும்மா குரைக்குது”, “மேலே பாயுது”, “ஒரு நிமிசம் உட்கார விடமாட்டேங்குது” என்பதுதான் பேச்சு. வைத்தியருக்கு இதற்கெல்லாம் நேரம் இருக்காது, அதனால் என்னிடம் வரும். அந்தக் கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே இங்கே எழுதியிருக்கிறேன். நான் வைத்தியர் இல்லை. நோய் என்று சந்தேகப்பட வேண்டிய இடங்களைச் சொல்லியிருக்கிறேன். அங்கே என் பேச்சை விட்டுவிட்டு வைத்தியரிடம் போங்கள்.

நாய்னா குரைக்கத்தானே செய்யும்? கவனம் கேட்டுக் குரைக்குதுன்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது?

குரைக்கும்போது அதன் கண் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பாதையில் போகும் ஆளையோ, தேயிலைக்குள் சலசலக்கும் பன்றியையோ பார்த்துக் குரைத்தால் அது காவல். உங்கள் முகத்தைப் பார்த்துக் குரைத்து, கொஞ்சம் நிறுத்தி, என்ன செய்கிறீர்கள் என்று கவனித்துவிட்டு மறுபடி குரைத்தால் அது உங்களிடம் பேசுகிறது. முன்னங்காலால் பிராண்டுவது, மூக்கால் கையை இடித்துத் தூக்குவது, முனகுவது, சாரத்தைக் கவ்வி இழுப்பது எல்லாம் இதே கணக்குத்தான். சந்தேகம் இருந்தால் எழுந்து அடுப்படிக்குள் போய்விடுங்கள். ஆள் இல்லாத இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) சத்தம் நின்று, நாய் உங்களைத் தேடி வந்தால் விடை கிடைத்துவிட்டது.

ஆள் தன்னைப் பார்க்கிறாரா இல்லையா என்பது நாய்க்கு நன்றாகவே தெரியும். இங்கிலாந்தில் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2017 இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மனிதர் தன் பக்கம் திரும்பி நின்றபோது நாய்கள் புருவத்தை உயர்த்துவது போன்ற முக அசைவுகளை அதிகம் காட்டின. ஆள் திரும்பிக்கொண்டதும் அது குறைந்தது. சாப்பாட்டைக் காட்டியதால் மட்டும் அந்த அசைவு கூடவில்லை. அந்தப் பாவமான முகத்தை நம் வீட்டு நாய்தான் கண்டுபிடித்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்!

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கேட்பது தப்பில்லை. வாயில்லா ஜீவன் வேறு எப்படிக் கேட்கும்? எப்படிக் கேட்டால் கிடைக்கும் என்று நாம் எதைக் காட்டிக்கொடுத்திருக்கிறோம் என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

நான் போன் எடுத்தா மட்டும்தான் குரைக்குது. அதுக்குப் போன் பிடிக்காதா?

போன்மேல் அதற்குக் கோபம் எதுவும் இல்லை. போன் பேசும்போது நீங்கள் எதைச் செய்தாவது நாயை அடக்கிவிடுவீர்கள் என்று அது கற்றுக்கொண்டது. அந்தப் பக்கம் பேசுகிறவருக்குக் கேட்கக்கூடாதே என்று தலையைத் தடவியிருப்பீர்கள், இல்லையென்றால் ஒரு பிஸ்கட்டைப் போட்டிருப்பீர்கள். இரண்டு தடவை நடந்தால் போதும்.

என் வீட்டில் இதே கதை தேங்காயில் நடந்தது. ரொட்டிக்குத் தேங்காய் துருவ உட்கார்ந்தால் எங்கள் கறுப்பி குரைக்கும். “சரி, இந்தா” என்று ஒரு சில்லைத் தூக்கிப் போடுவேன். ஒரு மாதத்தில் துருவுபலகையைக் கையில் எடுத்தாலே லயம் (தோட்டத்து வீட்டு வரிசை) முழுக்கக் கேட்கிற மாதிரி குரைத்தது. ஊருக்கு உபதேசம் சொல்கிற ஆளின் வீட்டில் இது. பிறகு, துருவ உட்காருமுன் அது அமைதியாகப் படுத்திருக்கும்போதே சில்லைக் கொடுக்க ஆரம்பித்தேன். தேங்காய்ச் செலவு அதேதான், சத்தம் மட்டும் போயிற்று. போனுக்கும் இதையே செய்யலாம். பேச ஆரம்பிக்குமுன் கடிக்க ஏதாவது கொடுத்துவிட்டு உட்காருங்கள்.

எவ்வளவு திட்டினாலும் நிறுத்தமாட்டேங்குது. ரெண்டு அடி வச்சா கேக்குமா?

திட்டும்போது நீங்கள் நாயின் முகத்தைப் பார்க்கிறீர்கள், அதனோடு பேசுகிறீர்கள், சில நேரம் கையால் தள்ளவும் செய்கிறீர்கள். அது கேட்டது இந்த மூன்றையும்தானே. நாள் முழுக்கத் தனியாகக் கிடந்த நாய்க்குத் திட்டு என்பது அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி, மாதிரி. முழுச் சம்பளம் இல்லை, ஆனால் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவதைவிட மேல்.

அடி வேறு விசயம். அடித்தால் அந்த நேரத்துக்கு நிற்கும், மறுக்கவில்லை. ஆனால் நாய் கற்றுக்கொள்வது “குரைக்கக்கூடாது” என்பதை இல்லை, “இந்தக் கை வந்தால் ஒதுங்கு” என்பதை. உறுமியதற்கு அடி வாங்கி வாங்கி உறுமுவதை விட்ட நாய்களைப் பார்த்திருக்கிறேன். அவை எச்சரிக்காமல் நேரே கடித்தன, கடிபட்டது பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைகள். அடி வேண்டாம். கவனம் கேட்டுக் குரைத்தால் பார்க்காமல், பேசாமல், கண்டுகொள்ளாமல் விடுங்கள்.

வேலை விட்டு வந்ததும் மேலே பாயுது. உடுப்பெல்லாம் சேறு. என்னா பண்றது?

குட்டி நாய் பெரிய நாயின் வாயை நக்கித்தான் வரவேற்கும். உங்கள் வாய் ஐந்தடி உயரத்தில் இருப்பதால் பாய்கிறது. குட்டியில் அதைத் தூக்கிக் கொஞ்சியிருப்பீர்கள். இப்போது இருபது கிலோவாகி, மழையில் நனைந்த காலோடு அதையே செய்கிறது.

வாசலுக்கு வந்ததும் நில்லுங்கள். பாய்ந்தால் கையால் தள்ளாதீர்கள், தள்ளுவது அதற்கு விளையாட்டு. உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு, பேசாமல், வேறு எங்கேயோ பாருங்கள். நான்கு காலும் தரையில் பட்ட அந்த நொடியே குனிந்து கழுத்தைத் தடவுங்கள். மறுபடி பாய்ந்தால் மறுபடி திரும்பிக்கொள்ளுங்கள். ஒரு வாரம் தினமும் இரண்டு நிமிடம் இதற்கு ஒதுக்கினால் வித்தியாசம் தெரியும். கொழுந்து எடுத்துவிட்டு முதுகு ஒடிந்து வரும் ஆளுக்கு அந்தப் பொறுமை எங்கே என்று ஓர் அக்கா கேட்டார். நியாயம்தான். அவருக்குச் சொன்னது இது: மத்தியானச் சாப்பாட்டில் மிஞ்சிய ரொட்டியைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிய்த்து வைத்துக்கொண்டு, நாய் உங்களை எட்டுமுன் தரையில் வீசுங்கள். தலை கீழே போனால் கால் மேலே வராது. நீங்கள் உள்ளே போய் இடுப்புப் படங்கை அவிழ்த்து வைக்கும் நேரம் கிடைக்கும்.

கண்டுக்காம விடுன்னு சொன்னீங்க. விட்டேன். முன்னைவிட மோசமாக் கத்துது!

நல்ல சகுனம் இது, நிறையப் பேர் கைவிடுகிற இடமும் இதுதான். அணையப் போகிற விளக்கு ஒருமுறை ஓங்கி எரியும் என்பார்களே, அதேதான். இதுவரை பத்துக் குரைப்பில் கிடைத்தது இன்று கிடைக்கவில்லை என்றால் நாய் இருபது குரைத்துப் பார்க்கும், சத்தத்தை ஏற்றிப் பார்க்கும், பழைய வித்தைகளையெல்லாம் எடுத்துப் பார்க்கும். குழாயில் தண்ணீர் வராவிட்டால் நாமும் உடனே விட்டுவிடுவதில்லை, இன்னும் நன்றாகத் திருகித்தானே பார்க்கிறோம்.

அந்த உச்சத்தில் பொறுக்க முடியாமல் கொடுத்துவிட்டால், “இருபது குரைத்தால் கிடைக்கும்” என்பதுதான் பாடமாகும். ஆகவே பொறுக்க முடியாத நாளில் தொடங்காதீர்கள். வீட்டில் ஒருவர் காய்ச்சலாகப் படுத்திருக்கும்போதோ, பிள்ளைக்கு மறுநாள் பரீட்சை என்னும்போதோ வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைப் பகலில் தொடங்குங்கள். இன்னொன்று, கண்டுகொள்ளாமல் விடுவது பாதி வேலைதான். சத்தம் ஓய்ந்து நாய் படுக்கிற நேரம் மெதுவாகப் போய் “ம், நல்ல பிள்ளை” என்று சொல்வது மறுபாதி. அதைச் செய்யாவிட்டால் எப்படிக் கேட்பது என்று நாய்க்குத் தெரியவே தெரியாது.

எப்பவாவது ஒரு தடவைதானே கொடுக்கிறேன். அதுவும் தப்பா?

தினமும் கொடுப்பதைவிட மோசம். லொத்தர் சீட்டு வாங்குகிறவர் எல்லா வாரமும் விழுவதாலா வாங்குகிறார்? எப்போதோ ஒருமுறை நூறு ரூபாய் விழுந்ததால்தான் விடாமல் வாங்குகிறார். அமெரிக்க உளவியலாளர் பி. எப். ஸ்கின்னர் எலிகளையும் புறாக்களையும் வைத்துக் காட்டியதும் இதைத்தான். எப்போது வரும் என்று தெரியாத பரிசால் பழகிய பழக்கம் லேசில் போகாது.

நான் கண்டுக்காம இருந்தாலும் பக்கத்துக் காம்பராவுல கொடுத்துடுறாங்க. லயத்துல இதெல்லாம் நடக்குற காரியமா?

இந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். நாய் வளர்ப்பு பற்றி வருகிற வீடியோக்களில் ஒரு வீடு, ஒரு வேலி, ஒரு குடும்பம். நம்முடைய லயத்தில் ஒரே கூரையின் கீழ் பத்துப் பன்னிரண்டு வீடு, இஸ்தோப்பில் அரைச்சுவர். உங்கள் நாய் என்று நீங்கள் நினைப்பது உண்மையில் அந்த வரிசை முழுவதுக்கும் நாய். முதலாம் வீட்டில் முனகினால் பாண், நான்காம் வீட்டுத் தாத்தாவிடம் காலைப் பிராண்டினால் கருவாட்டுத் தலை, கடைசி வீட்டுப் பொடியன்களிடம் செருப்பைத் தூக்கினால் ஓட்டப்பந்தயம். ஒவ்வொரு வாசலிலும் எப்படிக் கேட்க வேண்டும் என்று அது மனப்பாடமாக வைத்திருக்கிறது. மேலே சொன்ன லொத்தர் கணக்கு இங்கே முழுசாகப் பொருந்தும்.

“எங்க நாய்க்கு ஒன்னும் கொடுக்காதீங்க” என்று சொல்லிப் பார்த்தவர்கள் உண்டு. அது பகையில்தான் முடிந்தது. சாப்பிடும்போது வாசலில் நிற்கும் உயிருக்கு ஒரு பிடி போடுவது நம் ஆட்களின் பழக்கம், அதை மாற்றச் சொல்ல எனக்கும் மனமில்லை. பலித்தது வேறு: “கொடுங்க மாமா, ஆனா உட்கார்ந்த பிறகு கொடுங்க.” கொடுப்பதை யாரும் தடுக்கவில்லை, நேரம்தான் மாறுகிறது. தலவாக்கலைப் பக்கம் ஒரு லயத்தில் இந்த வேலையைப் பிள்ளைகளிடமே விட்டோம். நாய் உட்காரும் வரை கையை மூடி வைத்திருப்பது அவர்களுக்கு ஒரு விளையாட்டாகிவிட்டது. பெரியவர்கள் மறந்தாலும் பொடியன்கள் விடவில்லை, “தாத்தா, அது இன்னும் உட்காரல!”

அப்படியும் ஒரு வீடு கேட்காது. பரவாயில்லை. நாய்கள் ஆளுக்கு ஆள் வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளக்கூடியவை. உங்கள் வாசலில் ஒழுங்கு என்றால் உங்களிடம் ஒழுங்காக இருக்கும், தாத்தாவின் காலை மட்டும் பிராண்டும். தாத்தா அதைக் குறையாகச் சொல்லவில்லை என்றால் உங்களுக்கென்ன?

சத்தம் கூடும் அந்த முதல் சில நாட்களைப் பற்றி இரு பக்கத்து வீடுகளிலும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். இரவு நேர வேலைக்கு ஸ்டோருக்கு (தேயிலைத் தொழிற்சாலைக்கு)ப் போய்விட்டுப் பகலில் தூங்கும் ஆள் யாராவது இருந்தால், அவர் தூங்கும் நேரம் பார்த்துத் தொடங்காதீர்கள்.

செருப்பைத் தூக்கிட்டு ஓடுது. துரத்தினா இன்னும் ஓடுது.

நீங்கள் துரத்துவதால் ஓடுகிறது. துரத்தாதீர்கள். கையில் வேறொன்றை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நடங்கள், அது செருப்பைப் போட்டுவிட்டு வரும். அப்புறம் செருப்பை உயரத்தில் வையுங்கள். பிள்ளைகளின் பாடசாலைச் சப்பாத்தையும்தான். இதற்கு இதைவிடப் பெரிய தந்திரம் எனக்குத் தெரியாது.

பகல் முழுக்கக் கட்டித்தான் வச்சிருக்கோம். அவுத்து விட்டா பைத்தியம் மாதிரி சுத்துது, ஆளை விடமாட்டேங்குது.

காலையில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் பதியும் இடத்துக்கு, போகும்போது கட்டிய நாய், அந்தி வரை அதே இரண்டு முழச் சங்கிலியில். அவிழ்த்ததும் அது காட்டுவது கெட்ட குணம் இல்லை, பசி. வயிற்றுப் பசி இல்லை, ஓடவும் மோப்பம் பிடிக்கவும் ஆள் முகம் பார்க்கவும் உள்ள பசி. இந்த நாய்க்குக் “கண்டுக்காம விடு” என்ற வைத்தியம் பொருந்தாது, முதலில் அதன் பாக்கியைக் கொடுத்துவிட வேண்டும்.

வேலைக்குப் போகுமுன் பத்து நிமிடம் கயிற்றோடு ஒரு நடை. வேகமாக இழுத்துப் போக வேண்டியதில்லை, ஒவ்வொரு கல்லையும் கம்பத்தையும் மோந்து பார்க்க விடுங்கள், அதிலேயே நாய் களைத்துவிடும். காலைச் சாப்பாட்டைக் கோப்பையில் போடாமல் பழைய சாக்கில் சுருட்டி வையுங்கள். பிரித்துத் தின்ன அரை மணி நேரமாவது எடுக்கும். சங்கிலிக்குப் பதிலாக இரண்டு கம்பத்துக்கு நடுவே கம்பி இழுத்து, அதில் ஓடுகிற வளையத்தில் கயிற்றை மாட்டினால் நடமாட இடம் கிடைக்கும்.

ஒரேயடியாக அவிழ்த்து விடச் சொல்லமாட்டேன். மரக்கறித் தோட்டத்துக்குள் போனால் பன்றிக்கு வைத்த கம்பிக் கண்ணி இருக்கும். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை அப்படிச் சிக்கித்தான் பிறகு செத்தது, நாய்களும் சிக்குகின்றன. இரவில் அந்தச் சிறுத்தைகளே லயத்துக்கு நாயைத் தேடி வரும். வெளியே கட்டிப்போட்ட நாய்க்கு ஓடக்கூட வழியில்லை. இருட்டியதும் கதவு போட்ட இடத்துக்குள் எடுத்துவிடுங்கள்.

குட்டி ராத்திரி முழுக்க அழுகுது. தூக்கினா கெட்டுப்போயிடும்னு சொல்றாங்க. உண்மையா?

இல்லை. தாயையும் கூடப் பிறந்ததையும் விட்டு நேற்று வந்த குட்டி அது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறது. தை, மாசியில் புல்லில் பனி உறைகிற இரவுகளும் உண்டு. சீமெந்துத் தரையில் தனியாகப் படுக்க வைத்தால் அழாமல் என்ன செய்யும்? உங்கள் படுக்கைக்குப் பக்கத்தில் அட்டைப் பெட்டியில் பழைய கம்பளியைப் போட்டுப் படுக்க வையுங்கள். அழுதால் கையை நீட்டித் தொட்டால் போதும். பழகியதும் பெட்டியை ஒவ்வொரு நாளும் ஓரடி தள்ளி வைக்கலாம்.

இரண்டு மாதக் குட்டியால் இரவு முழுக்கச் சிறுநீரை அடக்கவும் முடியாது. நடுவில் எழுந்து முனகினால் வெளியே தூக்கிப் போங்கள், வேலை முடிந்ததும் பேச்சும் விளையாட்டும் இல்லாமல் திரும்பக் கொண்டுவந்து போடுங்கள். வெளியே போனது மூத்திரத்துக்கு, ஊர் சுற்ற இல்லை என்று அதற்கும் புரியும்.

ஸ்டோர்ல சங்கு ஊதுனா இதுவும் ஊளையிடுது. சாவு வரும்னு அம்மாயி பயப்படுறாங்க.

நீண்ட ஒரே சுரத்துச் சத்தத்துக்கு நாய் பதில் கொடுக்கிறது, அவ்வளவுதான். சங்கு நின்றதும் அதுவும் நிற்கும். இதில் உங்களிடம் எதையும் கேட்கவில்லை, திருத்தவும் ஒன்றுமில்லை. சங்கு தினமும் ஊதுகிறதே, தினமும் சாவா விழுகிறது என்று அம்மாயியிடம் கேட்டுப் பாருங்கள். நான் கேட்டேன், என்னைத் திட்டினார்கள்.

இடி இடிக்கும்போது ஒட்டிக்கிட்டு நடுங்குது. அதையும் கண்டுக்காம விடணுமா? தடவினா பயம் கூடிடுமாமே?

விடக்கூடாது. குரைப்பு நாய் தெரிந்து செய்யும் காரியம், பலன் கிடைத்தால் கூடும். பயம் அப்படியில்லை. பயந்த பிள்ளையை அணைத்துக்கொண்டதால் அது இன்னும் பயப்படக் கற்றுக்கொள்வதில்லையே. சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி முழங்கும்போது நாய் உங்கள் காலடிக்கு வந்தால் இருக்க விடுங்கள், தடவுங்கள், நீங்கள் பதறாமல் இருங்கள். தகரக் கூரையில் மழைச் சத்தம் வேறு சேரும். கட்டிலுக்கு அடியில் இருட்டாக ஓர் இடம் செய்து கொடுத்தால் அதுவே போய்ப் படுக்கும்.

தீபாவளி வெடிக்கும், கோயில் திருவிழாத் தப்பு மேளச் சத்தத்துக்கும் இதே பதில்தான். அன்று கழுத்துப் பட்டையை உருவிக்கொண்டு ஓடி, திரும்பி வராமல் போன நாய்கள் நிறைய. சத்தம் தொடங்குமுன் உள்ளே எடுத்துக் கதவைச் சாத்துங்கள்.

நாங்க இருக்கும்போது நல்லாத்தான் இருக்குது. வேலைக்குப் போனதும் கத்துதாம், கதவைப் பிராண்டுதாம். இதுவும் கவனம் கேக்குறதா?

முதல் கேள்வியில் சொன்ன சோதனையை இங்கே திருப்பிப் போடுங்கள். ஆள் இருந்தால் செய்வது கவனம் கேட்பது, ஆள் போன பிறகு செய்வது பெரும்பாலும் தனிமைப் பயம். பழைய போன் ஒன்றை அலுமாரிமேல் வைத்துப் படம் பிடித்துப் பாருங்கள். நீங்கள் போனதும் மூச்சு வாங்கி, எச்சில் வடித்து, கதவருகே அலைந்தால் பயம்தான். கொஞ்ச நேரம் தூங்கிவிட்டுப் பிறகு குரைத்தால் சலிப்பாக இருக்கலாம், அதற்கு மேலே சொன்ன சாக்கும் நடையும் போதும்.

தனிமைப் பயத்துக்கு அடியும் உதவாது, கண்டுகொள்ளாமையும் உதவாது. அரை நிமிடம் வெளியே போய்த் திரும்புவது, அப்புறம் ஒரு நிமிடம், அப்புறம் ஐந்து என்று நாய் பதறாத அளவுக்குள்ளேயே நீட்டிப் பழக்க வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். அதுவரை வீட்டில் இருக்கும் பாட்டியிடமோ பக்கத்து வீட்டிலோ விட்டுப் போக முடிந்தால் அதுவே பெரிய உதவி. மோசமாக இருந்தால் இதற்கு மருந்து உண்டு. பேராதனையில் உள்ள மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோகலாம்.

தேத்தண்ணி குடிக்கும்போது பக்கத்துல நின்னு அழுகுது. கொஞ்சம் ஊத்தினா என்னா?

தேயிலையில் உள்ள கஃபீன் நாய்க்கு ஆகாது. ஒரு மிடறில் செத்துவிடாது, ஆனால் அழுதால் கிடைக்கும் என்ற பாடத்தோடு சேர்த்துக் கொடுக்க வேண்டிய பொருள் இல்லை. குடித்த பிறகு கொட்டும் தேயிலைத் தூளிலும் கஃபீன் மிஞ்சியிருக்கும், அதையும் தின்ன விடாதீர்கள். வெங்காயம் போட்ட சம்பலும் வேண்டாம், லீக்ஸும் வெங்காயச் சாதிதான், இரண்டும் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். நம் பக்கம் லீக்ஸ் கறி தாராளமாக மிஞ்சுவதால் சொல்கிறேன்.

கால் நொண்டுற மாதிரி நடிக்குது. “ஐயோ”ன்னு சொன்னா இன்னும் நொண்டுது, பந்தைக் காட்டினா நல்லா ஓடுது.

நடக்கக்கூடியதுதான். ஒருமுறை கால் வலித்தபோது வீடே சூழ்ந்து கொஞ்சியிருக்கும், அதை நாய் மறக்கவில்லை. ஆனால் அந்த முடிவுக்குக் கடைசியாக வாருங்கள். உற்சாகத்தில் வலியை மறந்து ஓடும் நாய் உண்டு. முதலில் விரல் இடுக்கில் முள், அட்டை கடித்த புண், உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள், மூட்டைத் தொட்டுப் பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் வந்த நாயும் மூட்டு வலியில் இடம் மாற்றி மாற்றி நொண்டும். வைத்தியர் ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகுதான் “நடிப்பு” என்று பேசலாம்.

மகள் குழந்தை பெத்து வீட்டுக்கு வந்திருக்கா. அன்னையிலிருந்து நாய் ஒரே தொல்லை. பொறாமையா?

பொறாமை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதன் பக்கத்திலிருந்து பார்த்தால் நடந்தது இது: பிள்ளை வந்தது, நாயை வாசலுக்கு வெளியே தள்ளினார்கள், பிள்ளை தூங்கும்போது மட்டும் கொஞ்சினார்கள். பிள்ளை இருந்தால் நமக்கு ஒன்றுமில்லை என்று அது கணக்குப் போட்டுவிட்டது. தலைகீழாகச் செய்யுங்கள். பிள்ளை மடியில் இருக்கும்போது இன்னொருவர் நாயின் பக்கத்தில் உட்கார்ந்து, அமைதியாக இருந்தால் ஏதாவது கொடுக்கட்டும். என்ன இருந்தாலும் பிள்ளையையும் நாயையும் ஒரு நிமிடம்கூடத் தனியே விடாதீர்கள், எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும்.

மகன் கொழும்புல வேலை. தீபாவளிக்கு வந்து நாலு நாள் தூக்கி வச்சுக் கொஞ்சிட்டுப் போயிடுறான். அப்புறம் எங்க உயிரை வாங்குது.

இதைச் சொல்லிச் சிரித்தவர்களைவிட அழுதவர்கள் அதிகம். மகனைத் திருத்த முடியாது, வருடத்துக்கு மூன்று தடவை வருகிற பிள்ளையைக் கொஞ்சாதே என்று யார் சொல்வது? அவன் போன மறுநாளிலிருந்து பழைய ஒழுங்கையே விடாமல் பிடித்தால் அடுத்த கிழமைக்குள் அடங்கும், முதல் தடவை பட்ட பாடு வேண்டியிருக்காது. போகும் நாளன்று மட்டும் வாசலில் கட்டிப்பிடித்து அழாமல், நாய் எதையாவது கடித்துக்கொண்டிருக்கும்போது பஸ்ஸுக்குப் போகச் சொல்லுங்கள்.

எப்பவும் ஒதுங்கியே இருக்கிற நாய். ரெண்டு நாளா ஆளை விடமாட்டேங்குது, காலைச் சுத்திச் சுத்தி வருது.

இதை மேலே சொன்ன எதோடும் சேர்க்காதீர்கள். மெல்ல மெல்ல வந்த பழக்கம் கற்றுக்கொண்டது, திடீரென்று குணம் மாறினால் உடம்பைப் பார்க்க வேண்டும். வயதான நாய் என்றால் கண், காது, வலி காரணமாகவோ, மூளை தளர்ந்ததாலோ ஒட்டிக்கொள்ளும்.

தடுப்பூசி போடாத நாய் என்றால் விசர் நோயையும் (ரேபிஸ்) நினைக்க வேண்டும். விசர் என்றால் ஓடி ஓடிக் கடிக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், ஆனால் தொடக்கத்தில் அளவுக்கு மீறி ஒட்டி நக்குகிற நாயும் உண்டு. குரைப்பின் குரல் மாறியிருந்தால், விழுங்க முடியாமல் எச்சில் வடிந்தால், வாய்க்குள் எலும்பு சிக்கியிருக்கிறதோ என்று கையை விட்டுப் பார்க்காதீர்கள். பிள்ளைகளை விலக்கி, நாயை ஓரிடத்தில் அடைத்துவிட்டு மிருக வைத்தியருக்கோ பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ சொல்லுங்கள். கடியோ கீறலோ பட்டிருந்தால், புண்ணில் எச்சில் பட்டிருந்தால், சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். நோய்க்குறி தெரிந்த பிறகு இந்த நோய்க்குக் கிட்டத்தட்ட வைத்தியமே இல்லை.

ஒரு மாசமா நீங்க சொன்ன மாதிரிதான் செஞ்சோம். இப்ப எதையுமே கேக்கிறதில்ல, மூலையில படுத்துக்குது. ஜெயிச்சுட்டோம்தானே?

பொகவந்தலாவையிலிருந்து வந்த ஓர் ஐயா பெருமையாகக் கேட்டார். நாயைக் கூட்டி வரச் சொன்னோம். உடம்பில் ஒன்றுமில்லை. விசாரித்தால், குரைப்பைக் கண்டுகொள்ளாமல் விடச் சொன்னதை அவர் நாயையே கண்டுகொள்ளாமல் விடுவது என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். வாலாட்டினாலும் பார்ப்பதில்லை, உட்கார்ந்தாலும் பேசுவதில்லை. எந்த வாசலிலும் பதில் இல்லை என்று நாய் கேட்பதையே விட்டுவிட்டது. நான் சொன்ன விதத்திலும் பிழை இருந்திருக்க வேண்டும், அன்றிலிருந்து மறுபாதியை முதலில் சொல்லிவிட்டுத்தான் கண்டுகொள்ளாமையைப் பற்றிப் பேசுவேன்.

அவரிடம் சொன்னது: இன்று பின்னேரம் தேத்தண்ணியோடு இஸ்தோப்பில் உட்காருங்கள். அது கேட்கும் வரை காத்திராமல் நீங்களே பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். வந்தால் காதுக்குப் பின்னால் சொறிந்து விடுங்கள். வராவிட்டால் எழுந்து போய் அதன் பக்கத்தில் தரையில் உட்காருங்கள்.